டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை ஆராய்ச்சியை எப்போது தொடங்கலாம்?

அப்பா மக்காச்சோளக் காட்டில் தண்ணீர் கட்டுகிறார். அம்மா பருத்தி எடுக்கப் போகிறார். மகள் பிளஸ் 2 படிக்கிறாள். அவளுக்கு டாக்டர் ஆக ஆசை.

குன்னம் பகுதியில் இப்படி எத்தனையோ வீடுகள்!

அந்த வீட்டுக்கு ஒரு நாள் ஒரு புதுக் கவலை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டுச் சொல்கிறாள்:

"அப்பா, டாக்டருக்குப் படிக்க வேண்டுமானால் இப்போதே ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். மற்றவர்கள் எல்லாம் தொடங்கிவிட்டார்களாம். நான்தான் பின்தங்கிவிட்டேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆராய்ச்சி என்றால் என்ன? அதற்கு எவ்வளவு செலவு ஆகும்? எப்போது தொடங்க வேண்டும்? தொடங்காவிட்டால் இடம் கிடைக்காதா?

பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆராய்ச்சி என்றால் என்ன?

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வரும். அது மட்டும் ஆராய்ச்சி அல்ல. ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையைக் கணக்கோடு கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி.

சென்னையில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

1956-ம் ஆண்டு. காசநோய் வந்தால் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும் என்று சொன்ன காலம் அது. ஏழைக்கு அது முடியுமா? நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருக்குக் கட்டிலுக்கு எங்கே போவது?

அப்போது சில டாக்டர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "மாத்திரை ஒன்றுதான். அதை வீட்டில் இருந்தே சாப்பிட்டால் நோய் தீராதா?"

இந்தக் கேள்விக்கு விடை காணச் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 193 ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஆஸ்பத்திரியில் தங்கியது. இன்னொரு பிரிவு தங்கள் சின்ன வீட்டில், கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்து. ஓர் ஆண்டு.

முடிவு என்ன?

வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானது. காசநோய்க்கு வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடும் முறை உலகம் எங்கும் பரவ இது பெரிய காரணம் ஆயிற்று.

புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. சரியான கேள்வியைக் கேட்டார்கள். ஒழுங்காக எண்ணினார்கள். அவ்வளவுதான்!

அமெரிக்காவில் ஒரு வழக்கம்

பிளஸ் 2 பிள்ளையை இப்படிப் பயமுறுத்தும் பேச்சு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்து வருகிறது.

அங்கே பள்ளி முடித்ததும் டாக்டர் படிப்பில் சேர முடியாது. முதலில் 4 ஆண்டு கல்லூரியில் வேறு ஒரு பட்டம் வாங்க வேண்டும். பிறகுதான் மருத்துவக் கல்லூரி. அந்தக் கல்லூரிகள் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியில் தொண்டு செய்தாயா, ஆராய்ச்சியில் உதவி செய்தாயா என்றும் பார்க்கின்றன. நேரில் அழைத்துக் கேள்வியும் கேட்கின்றன.

ஆகவே அங்கே மாணவர்கள் கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, அல்லது இரண்டாம் ஆண்டில், ஆராய்ச்சிக்கூடத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அது அவர்கள் ஊர் வழக்கம்.

அந்த யோசனையை அப்படியே குன்னத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ஊருக்கு ஊர் வாசல் வேறு. அடுத்த வீட்டுச் சாவி இந்த வீட்டுப் பூட்டைத் திறக்குமா?

இங்கே வாசல் வேறு

இங்கே எம்.பி.பி.எஸ். படிப்பில் சேருவதற்கு நீட் பரீட்சை எழுத வேண்டும். 180 கேள்விகள். 720 மார்க்கு. ஆராய்ச்சி செய்த சான்றிதழுக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது.

இந்த உண்மையை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் கண்ணீரோடு அறியும்.

செந்துறை அருகே குழுமூர். அங்கே ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா. 2017-ம் ஆண்டு பிளஸ் 2 பரீட்சையில் 1200-க்கு 1176 மார்க்கு வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பிளஸ் 2 மார்க்கை வைத்துத்தான் டாக்டர் படிப்புக்கு இடம் கொடுத்து வந்தார்கள். அந்த முறை இருந்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும். அந்த ஆண்டு நீட் மார்க்கு மட்டுமே கணக்கு என்று ஆயிற்று. அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். பலன் இல்லை. செப்டம்பர் 1-ந் தேதி, 17 வயதில், அந்த உயிர் போயிற்று.

தமிழ்நாடே அழுதது.

பிறகு சில மாற்றங்கள் வந்தன. அரசு பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை படித்து, நீட் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கி, 2020-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2022 ஜனவரி 12-ந் தேதி அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதில் ஆண்டுக்கு 150 இடங்கள். பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியும் உண்டு.

முன்பு குன்னத்துப் பிள்ளை டாக்டருக்குப் படிக்கத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போக வேண்டும். இப்போது பக்கத்திலேயே கல்லூரி. ஆனால் வாசலில் நிற்பது இன்றும் நீட் பரீட்சைதான். ஆகவே பிளஸ் 2 படிக்கும் பிள்ளை ஆராய்ச்சிக்கு என்று நேரத்தைப் பிரிக்க வேண்டாம். அந்த நேரம் பாடத்துக்குச் சொந்தம்.

நாணயம் சுண்டிய மாணவன்

அப்படியானால் ஆராய்ச்சி எல்லாம் வயதானவர்கள் வேலையா? இல்லவே இல்லை! மாணவர்கள் செய்த ஆராய்ச்சியால் கோடிக்கணக்கானவர்கள் உயிர் பிழைத்து இருக்கிறார்கள்.

1869-ம் ஆண்டு. ஜெர்மனியில் பெர்லின் நகரம். பவுல் லாங்கர்கான்சு என்ற மருத்துவ மாணவன். வயது 21. வயிற்றுக்குள் இருக்கும் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். கடலுக்கு நடுவே தீவுகள் இருப்பது போல, சின்னச் சின்னக் கூட்டமாகச் சில செல்கள் இருப்பதைக் கண்டான். அவை எதற்கு இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. கண்டதை அப்படியே எழுதி வைத்தான்.

52 ஆண்டுகள் போயின.

1921-ம் ஆண்டு. கனடா நாட்டில் டொராண்டோ நகரம். சர்க்கரை நோய்க்கு மருந்து காணப் பாண்டிங் என்ற டாக்டர் முயற்சி செய்தார். அவருக்கு உதவிக்கு ஆள் வேண்டும். இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் போவது? நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவனுக்கு விழுந்தது. வயது 22.

அந்தத் தீவுகளில் சுரக்கும் பொருளைப் பிரித்து எடுக்கும் வேலையில் இருவரும் இறங்கினார்கள். அதுதான் இன்சுலின்! 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அதை ஊசி மூலம் போட்டார்கள். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தை இன்னும் சுத்தம் செய்து மீண்டும் போட்டார்கள். சிறுவன் பிழைத்தான்.

1923-ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும், ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் மெக்லியாடுக்கும் கிடைத்தது. பாண்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார்.

இன்று குன்னத்தில் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவுக்கும் அந்த மாணவனுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது!

மூன்றும் சேர வேண்டும்

பெஸ்ட் வெற்றி பெற்றது நாணயம் விழுந்ததால் மட்டுமா? இல்லை. அவனிடம் மூன்று இருந்தன.

ஒன்று, நேரம். பட்டப் படிப்புப் பரீட்சையை முடித்த கையோடு அவன் இந்த வேலைக்கு வந்தான். கோடை விடுமுறை முன்னால் இருந்தது. மறுநாள் பரீட்சை என்ற கவலை இல்லை.

இரண்டு, கைவேலை. ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அவன் கற்றிருந்தான். பாண்டிங்குக்கு அதுதான் தேவைப்பட்டது.

மூன்று, வழிகாட்டி. பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். மேலே ஒரு பேராசிரியர் இருந்தார்.

எப்போது தொடங்கலாம் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. வயதைப் பார்க்காதீர்கள். மற்றவர்களைப் பார்க்காதீர்கள். நேரம், கைவேலை, வழிகாட்டி ஆகிய மூன்றும் எப்போது சேருகின்றன என்று பாருங்கள். அப்போது தொடங்கலாம்.

எந்த ஆண்டில்?

இனி, வகுப்பு வாரியாகப் பார்ப்போம்.

6 முதல் 10-ம் வகுப்பு வரை: கேள்வி கேட்கப் பழகும் வயது. 1993-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தண்ணீரையும் மண்ணையும் ஆராய்ந்து கட்டுரை படித்திருக்கிறார்கள். இதை மார்க்குக்காகச் செய்ய வேண்டாம். ஆசைக்காகச் செய்யலாம்.

பிளஸ் 1, பிளஸ் 2: வேண்டாம். பாடத்தைப் படிக்கட்டும். தூங்கட்டும்.

எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டு: பொறுக்க வேண்டும். உடற்கூறு, உடல் இயக்கம், உயிர் வேதியியல் என்று மூன்று பெரிய பாடங்கள். எல்லாம் இங்கிலீசில். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். முதல் ஆண்டுப் பரீட்சைக்கு நான்கு முறைதான் வாய்ப்பு உண்டு. அதற்குள் தேறவில்லை என்றால் படிப்பே போய்விடும். ஆகவே இந்த ஆண்டில் ஆராய்ச்சியைவிடத் தேர்ச்சி முக்கியம். ஆனால் ஒன்று செய்யலாம். எந்தப் பேராசிரியர் மாணவர்களோடு பொறுமையாகப் பேசுகிறார் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு: இதுதான் நல்ல காலம். கல்லூரி பழகியிருக்கும். நோய் எப்படி வருகிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற பாடங்கள் வரும். வார்டுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். கேள்விகள் தானாக வரும்.

இந்த மாணவர்களுக்காகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979-ல் ஒரு திட்டம் தொடங்கியது. மாணவர் ஒரு கேள்வியை எழுதி அனுப்ப வேண்டும். சொந்தக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டால் இரண்டு மாதம் ஆராய்ச்சி. அறிக்கை ஏற்கப்பட்டால் உதவித்தொகையும் சான்றிதழும் உண்டு. வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. கையில் இருந்து பெரிய பணம் போட வேண்டியதும் இல்லை.

கடைசி ஆண்டு: புதிதாகத் தொடங்க வேண்டாம். மருத்துவம், அறுவை சிகிச்சை, பிரசவம் என்று தலைக்கு மேல் பாடம் இருக்கும். தொடங்கியதை முடித்தால் போதும்.

என்ன கேள்வி கேட்பது?

"பெரிய மெஷின் இருந்தால்தானே ஆராய்ச்சி?" என்று கேட்கலாம். குன்னத்துப் பிள்ளைக்குக் கேள்வி வாசலிலேயே கிடக்கிறது.

2017-ம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சி மருந்து தெளித்த விவசாயிகள் பலர் மயங்கினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். மருந்து தெளிப்பவர்களில் எத்தனை பேர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறார்கள்? எத்தனை பேர் காற்று வீசும் திசையைப் பார்க்கிறார்கள்? எத்தனை பேருக்கு டப்பாவில் உள்ள எழுத்தைப் படிக்க முடிகிறது? ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இதை எண்ணலாம். எண்ணிய கணக்கு ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

இன்னொன்று. கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். எத்தனை பேர் அதைச் சாப்பிடுகிறார்கள்? எத்தனை பேர் குமட்டுகிறது என்று அலமாரியில் போட்டு வைக்கிறார்கள்? மாமியாரிடம் விளக்கிச் சொன்னால் மாறுமா? இதுவும் ஆராய்ச்சிதான்.

2022 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்து எடுத்து, படிப்புக் காலம் முழுவதும் அவர்கள் உடல்நலத்தைக் கவனித்து வர வேண்டும் என்ற முறை வந்திருக்கிறது. நகரத்துப் பிள்ளை அந்த வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூச்சப்படும். கிராமத்துப் பிள்ளைக்கு அது சொந்த வீடு மாதிரி. அவளிடம்தான் அந்த வீட்டுப் பெண்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்!

ஒன்றை மறக்கக் கூடாது. யாரிடமும் அவர் சம்மதம் இல்லாமல் ரத்தம் எடுக்கக் கூடாது. அந்தரங்க விவரம் கேட்கக் கூடாது. ஆராய்ச்சி தொடங்கும் முன் கல்லூரியில் உள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தாளில் உள்ளதைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். "முடியாது" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காக அவருக்கு வைத்தியத்தில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. கிராமத்து மக்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏமாற வேண்டாம்

"பணம் கட்டினால் உங்கள் பிள்ளை பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுகிறோம்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை யாரோ எழுதுவார்கள். யாரும் படிக்காத ஒரு பத்திரிகையில் அது வரும். பிள்ளை எதையும் கற்றிருக்காது. பின்னால் ஒருவர், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் தலை குனிய வேண்டும்.

நோயாளியைப் பார்க்காமலே கணக்கு எழுதுவது அதைவிட மோசம். பொய்க் கணக்கை நம்பி இன்னொரு டாக்டர் மருந்து கொடுத்தால் அது கொலைக்குச் சமம்.

பலன் என்ன?

மேல்படிப்புக்கு இங்கே மீண்டும் ஒரு நீட் பரீட்சை இருக்கிறது. அதிலும் மார்க்குதான் கணக்கு. அப்படியானால் ஆராய்ச்சி எதற்கு?

வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க நினைப்பவர்களுக்கு அது உதவும். ஆராய்ச்சியாளர் ஆக விரும்புகிறவர்களுக்கு முதல் படி ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பலன் உண்டு. "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பதை நம்பாமல், "இது உண்மையா?" என்று கேட்கும் டாக்டர் கிடைப்பார். அப்படிப்பட்ட டாக்டர் தேவை இல்லாத ஊசி போட மாட்டார். தேவை இல்லாத டெஸ்ட்டும் எழுத மாட்டார்.

தாமதம் ஆகிவிட்டதே என்றும் கவலைப்பட வேண்டாம். எல்லாப்பிரகட சுப்பாராவ் கதையைக் கேளுங்கள். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை சென்னையில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கேயும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போனார். பெரிய ஆராய்ச்சிகள் எல்லாம் அதன் பிறகுதான்.

யானைக்கால் நோய்க்கு மருந்து, ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறை ஆகியவை அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் வந்தவை. குன்னம் பக்கத்துக் கர்ப்பிணிக்குக் கொடுக்கிறார்களே இரும்புச்சத்து மாத்திரை, அதில் இரும்போடு சேர்ந்து இருப்பது அந்தப் போலிக் அமிலம்தான்!

இடம் கிடைக்காவிட்டால்?

நீட் பரீட்சையில் மார்க்கு குறைந்துவிட்டது. டாக்டர் இடம் இல்லை. எல்லாம் முடிந்ததா?

இல்லை. இன்சுலின் ஆராய்ச்சியில் இறங்கியபோது பெஸ்ட் டாக்டர் அல்ல. பி.எஸ்சி. படிக்கும் பிள்ளையும் மருத்துவ ஆராய்ச்சிக்கு வரலாம். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமியும் வேறு இரண்டு அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து, கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் பெரிய விஞ்ஞானிகளிடம் இரண்டு மாதம் அனுப்பும் திட்டத்தை நடத்தி வந்திருக்கின்றன. பி.எஸ்சி. மாணவர்களுக்கு இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுதான் அதற்கு ஏற்ற காலம்.

பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மார்க்கு வந்த நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். "ஒரு பரீட்சைதானே" என்று வாய் திறந்து சொல்லுங்கள். மனம் சோர்ந்த பிள்ளை 104 என்ற எண்ணிலோ, 14416 என்ற எண்ணிலோ போன் செய்து பேசலாம். பணம் இல்லை. பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மகளுக்கு என்ன பதில்?

மக்காச்சோளக் காட்டில் இருந்து வந்த அப்பா இனி மகளிடம் தைரியமாகச் சொல்லலாம்:

"நீ பின்தங்கவில்லை அம்மா. இப்போது பாடத்தைப் படி. மனதில் எழும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வை. கல்லூரிக்குப் போ. முதல் ஆண்டுப் பரீட்சையில் தேறு. பிறகு அந்த நோட்டைத் திற."

பருத்திக் காட்டில் மயங்கி விழுந்த விவசாயியின் கேள்வி அந்த நோட்டில் இருக்கட்டும். அதற்கு விடை தேட டொராண்டோவில் இருந்து யாரும் வரப்போவதில்லை. குன்னத்துப் பிள்ளைதான் தேட வேண்டும்.